உருண்டையின் கண்கள்

சில மாத காலம் நான் ஒரு பெண்ணாக வாழ்ந்தேன். பல ஊர்களில் இருக்கும் பையன்களும் பெண்களும் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டார்கள். நானும் கூசாமல் பதில் சொன்னேன். வழுக்கை விழுந்து, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் ஒரு குமாஸ்தா, முயல் காதும் சுருள் வாலும் வைத்த கற்பனைப் பிராணியின் படங்களை இணையத்தில் போட்டுவிட்டு, யாராவது இதயக் குறி இடுகிறார்களா என்று டிபன் பைக்குள் ஒளித்து வைத்த டேப்லெட்டை அலுவலகத்தில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை இதைவிடக் கௌரவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கணக்கு என் மனைவியுடையது. அவள் மாசி மாதத்தில் ஒரு காலையில், காப்பி ஆறுவதற்குள் போய்விட்டாள். இதயம் என்றார்கள்.

பிராணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கைபேசி விளையாட்டில் வருவது. விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதன் பெயர் உருண்டை. மகள் கல்யாணமாகி பெங்களூர் போனபோது, தினமும் முகம் பார்த்துப் பேசலாம் என்று அம்மாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். முகம் பார்ப்பது வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் என் மனைவி அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாள். பிறகு, அந்தப் பிராணிகளைத் தாங்களே வரைந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் ரசிகர்களின் தமிழ்க் குழு ஒன்றையும் கண்டுபிடித்தாள். முழங்கால் வலியால் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு, அதற்குப் பிறகு ஒழிந்த நேரமே இல்லாமல் போயிற்று.

அவள் வரைந்த உருண்டை எங்களைப்போலவே திருச்சியில், ஸ்ரீரங்கத்தில் வசித்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் பேரம் பேசியது. கோயில் பிரசாத ஸ்டாலில் புளியோதரைக்கு வரிசையில் நின்றது. வெயில் காலத்தில் தலைக்கு ஈரத் துண்டு போட்டுக்கொண்டது.

“ஏன்னா, இதப் பாருங்கோ. காவேரிப் பாலத்துல பஸ் கம்பியப் பிடிச்சிண்டு தொங்கறது.”

“யாரு?”

“உருண்டை.”

“ம்.”

எங்கள் இல்லறத்தில் என் பங்களிப்பு பெரும்பாலும் அந்த ‘ம்’தான். நான் படித்துக்கொண்டிருப்பேன். அலுவலக நேரம் போக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன் நான். அன்றாட வாழ்க்கையை நுணுக்கமாகக் கவனிக்கிறவர் என்று ஒரு பத்திரிகையில் என்னைப் பாராட்டிக்கூட எழுதினார்கள். அந்தப் பாராட்டு வீட்டு வாசற்படிக்கு வெளியே மட்டும் செல்லுபடியாகும்.

ஒரே ஒரு முறை, படம் வரையும் பேனா வாங்க மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு அவளுடன் போனேன். கடைக்காரர் அவளைப் பார்த்து, “பேத்திக்குங்களாம்மா?” என்றார்.

“எனக்குத்தான்” என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “இவர் வேற எங்கிட்ட கோச்சுண்டிருக்கார், இவருக்கும் ஒரு பேனா காமிங்கோ” என்றாள். கடைக்காரர் சிரித்தார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு, இந்தக் குடும்பத்தைச் சேராதவன்போல எதிர்க் கடையின் பனியன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு எனக்கு வேலை அதிகமாக இருந்தது. ஒருவர் இறந்துவிட்டார் என்பதை எத்தனை இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது, சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வங்கியில் சொன்னேன். கேஸ் ஏஜென்சியில் சொன்னேன். ரேஷன் அட்டையில் பெயர் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கவுன்டரிலும் நகல் கேட்டார்கள். ஒவ்வொரு நகலிலும் அவள் கொஞ்சம் மங்கலானாள். ஓரிடத்தில், “அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட முடியாதா சார்?” என்று கேட்டார்கள். வந்தால் நானும் சந்தோஷப்படுவேன் என்றேன்.

பதிமூன்று நாள் காரியங்கள் முடிந்து, உறவினர்கள் மிஞ்சிய பட்சணங்களைப் பங்கு பிரித்துக்கொண்டு கிளம்பிய பிறகு வீடு அமைதியானது. அப்போதுதான் அலமாரிக்குள்ளிருந்து ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. சத்தத்தை நிறுத்தத்தான் டேப்லெட்டை எடுத்தேன். சத்தியமாக அதற்குத்தான் எடுத்தேன். திரையில் குழுவின் செய்திகள் வரிசையாக நின்றன.

“அக்கா எங்க போயிட்டீங்க?”

“அக்கா ஊருக்குப் போயிருக்கீங்களா?”

கடைசியாக மதுரைப் பெண் ஒருத்தி. கல்லூரியில் படிக்கிறவள், குழுவில் வாய் அதிகம். “அக்கா, சாப்பிட்டாச்சா?”

எல்லாக் கவுன்டரிலும் சொன்னதை இங்கேயும் சொல்லிவிட்டு மூடிவிடலாம் என்று தட்டச்சுப் பலகையைத் திறந்தேன். அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன். என் மனைவி சாப்பிட்டாளா என்று கேட்கிறவர்கள் உலகத்தில் இன்னும் ஓரிடத்தில் இருந்தார்கள். வங்கியில் இல்லை, உறவினர்களிடம் இல்லை, இந்தச் சின்னச் சதுரக் கண்ணாடிக்குள் இருந்தார்கள். நான் உண்மையைச் சொன்னால் இங்கேயும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

“ஆச்சு. ரசம், சுட்ட அப்பளம்” என்று எழுதினேன். கீழே ஒரு மஞ்சள் பூ போட்டேன். அவள் மஞ்சள் பூ போடுவது வழக்கம்.

அதன்பின் தினமும் கேட்டார்கள், தினமும் சொன்னேன். வத்தக்குழம்பு, கொத்தவரங்காய். மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு. அவளுடைய பழைய பதிவுகளை எடுத்து, எழுத்தாளனுக்கே உரிய சிரத்தையோடு பாடம் பண்ணினேன். சின்ன வாக்கியம், ஆச்சரியக்குறி கிடையாது, கடைசியில் பூ. அடுத்தவர் குரலில் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை என்று உள்ளுக்குள் ஒரு மமதைகூட இருந்தது. அவளுக்கு வந்த தனிச்செய்திகளை மட்டும் நான் திறக்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நேரில் சொன்னதையே காதில் வாங்காதவன், இப்போது திருட்டுத்தனமாகப் படிப்பது நியாயமாகப் படவில்லை.

பேச்சு மட்டும் போதாதே. அது படக் குழு. “அக்கா, உருண்டை எங்கக்கா?” என்று நச்சரிக்க ஆரம்பித்தார்கள். டேப்லெட்டில் தேடியபோது, அவள் வரைந்து வைத்த படங்கள் கொஞ்சம் கிடைத்தன. உருண்டை ஐப்பசி மழையில் குடை பிடித்தது, உருண்டை முறுக்குப் பிழிந்தது, உருண்டை ஆட்டோவில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்தது. எல்லாவற்றிலும் ரோமம், காது, வால், நிழல் எல்லாம் இருந்தன. கண் மட்டும் இல்லை. முடிப்பதற்குள் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் பாதியில் விட்டதை நாம் முடித்து வைப்போம் என்று ஓர் உன்னத எண்ணம் எனக்குள் எழுந்தது. இத்தகைய எண்ணங்கள் எழும்போது என்னைப் போன்றவர்கள் உடனே முகம் கழுவிக்கொண்டு படுத்துவிட வேண்டும்.

நான் குடை உருண்டைக்குக் கண் வரைந்தேன். ஒன்று பெரிதாகவும் மற்றது காதுப் பக்கம் நகர்ந்தும் விழுந்தது. வீட்டில் திடீரென்று வருமான வரிச் சோதனை நடப்பதுபோல அது என்னைப் பார்த்தது. அதையே போட்டேன்.

 பிறகு மதுரைப் பெண் கேட்டாள்: “அக்கா, உருண்டைக்கு உடம்பு சரியில்லையா?”

“கொஞ்சம் ஜுரம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. ஒருவருடைய பிராணிக்கு உடம்பு சரியில்லை என்றால், மற்றவர்கள் தங்கள் பிராணி பார்க்க வருவதாக வரைந்து அனுப்புவார்கள். கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும். அன்று மாலைக்குள் வந்துவிட்டார்கள். காங்கேயத்திலிருந்து ஒரு கொம்பு வைத்த பிராணி இளநீரோடு வந்தது. நெல்லையிலிருந்து ஒரு பச்சைப் பிராணி ரொட்டிப் பொட்டலத்தோடு. மதுரைப் பெண்ணின் வாத்து மாதிரியான ஒன்று, தன்னைவிடப் பெரிய சாத்துக்குடிப் பையை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடிப்படியில் நின்றது.

மாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், பிராப்தம் என்றார்கள், புண்ணியவதி, சுமங்கலியாகப் போனாள் என்றார்கள். அப்போதெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சாத்துக்குடிப் பையைப் பார்த்ததும் வந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒரு வாத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். யாராவது கதவைத் தட்டியிருந்தால் என்ன விளக்கம் சொல்லியிருப்பேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சிக்கனமாக இருந்தேன். எப்போதாவது ஒரு படம். ஒவ்வொன்றிலும் என் கண்கள். குழுவினர், “அக்கா, ஜுரம் விடவே இல்லையா?” என்பார்கள். “விட்டு விட்டு வருது” என்பேன். ஆனால் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் சரக்கு தீரத்தானே செய்யும்? தீர்ந்தால் அவள் அங்கேயும் இருக்க மாட்டாள். நானாக ஒரு உருண்டை வரைந்து பார்த்தேன். தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டுப் பழகினேன். வந்தது உருண்டை இல்லை. காது முளைத்த பூசணிக்காய். மிச்சம் இருந்தது அவள் வரைந்த ஒரே ஒரு படம். அதை மட்டும் நான் தொடவில்லை.

அந்தப் படத்தில் உருண்டை கொஞ்சம் தொந்தியும் தொப்பையுமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது. கையில் விரித்த செய்தித்தாள். மூக்கில் கண்ணாடி. பக்கத்தில் ஆறிப்போன காப்பி. அது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்குள் கண் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. என் கண்ணை நானே வரைய எனக்குக் கை எழவில்லை. படத்தின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, ஒரு சுருள் கோடு இருந்தது. பேனா வழுக்கிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தனிச்செய்தி வந்தது. குழுவில் அதிகம் பேசாத ஓர் உறுப்பினர், அடையாளப் படம் ஆந்தை. திறக்காமலே முதல் வரி திரையில் தெரிந்தது.

“ஞாயித்துக்கெழம மத்தியானம் காட்டூர் வரைக்கும் வர முடியுமா சார்? டேப்லெட்டையும் எடுத்துட்டு வாங்க.”

சார் என்று எழுதியிருந்தது. அடுத்த செய்தியில் வீட்டுக்கு வழி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சத்திரத்தில் துவாக்குடி பஸ் பிடித்து, போலீஸ் பிடித்தால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்ப்பவனைப்போல வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே, ஊரின் மறுகோடியில் இருக்கும் காட்டூரில் இறங்கினேன். சர்ச்சுக்குப் பின்னால் சின்ன வீடு. கதவைத் திறந்தவர் பள்ளிக்கூட அறிவியல் டீச்சர்; என் வயதுதான் இருக்கும். கூடத்துச் சுவரில் இயேசு படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள் அறையிலிருந்து வயதான குரல் ஒன்று, “யாரும்மா வந்திருக்கா?” என்றது.

“ஸ்ரீரங்கத்து சார்ம்மா” என்றார் டீச்சர்.

“அந்த அம்மா வரலியா?”

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“அவங்க வரலம்மா” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். என்னிடம், “எப்ப சார்?” என்றார்.

“மாசி மாசம்.”

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். வருவதற்குக் கொஞ்ச நேரமானது.

“எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“குடை படத்துல கண்ணு இருந்துச்சே சார். மாமி கண்ணு போடமாட்டாங்க.” அப்புறம் பொறுமையாக, பாடம் நடத்துவது மாதிரியே சொன்னார். என் மனைவிக்குக் கண் வரைய வராது. எல்லாம் முறைக்கிறது என்று குழுவில் ஒருமுறை புலம்பியிருக்கிறாள். டீச்சருக்குக் கண் மட்டும்தான் வரும். “போர்டுல நான் தவள வரஞ்சா, பிள்ளைங்க நோட்டுல உருளைக்கிழங்குன்னு எழுதி வெச்சிருக்கும்.” ஆகவே இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இவள் கண் இல்லாமல் வரைந்து காட்டூருக்கு அனுப்புவாள். அவர் கண் வைத்துத் திருப்பி அனுப்புவார். அப்புறம்தான் குழுவுக்குப் போகும். மூன்று வருடமாக அப்படித்தான்.

“நேர்ல பார்த்துக்கிட்டதே இல்லையா?”

“எங்கங்க சார்? அவங்களுக்கு முட்டி வலி. நான் அம்மாவ விட்டுட்டு ஸ்கூலுக்கு மேல எங்கயும் போக முடியாது. ஒரு நாள் பாப்போம் ஒரு நாள் பாப்போம்னுட்டே இருந்தோம். ரெண்டு பஸ்ஸுதான்.”

நான் டேப்லெட்டைத் திறந்து காட்டினேன். அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். என் கண்களைப் பார்த்தபோது அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பரீட்சைத் தாள் திருத்திப் பழகியவர்.

“இத எடுத்துர முடியாதா?” என்று நான் கேட்டேன். “நீங்க வேற கண் வெச்சா...”

“மேல ஒரு வெத்துத் தாள் மாதிரி இருக்கு பாருங்க சார். லேயர். அது எனக்காக விட்டு வெக்கிறது. அதுல போட்டிருந்தா எடுத்திருக்கலாம். நீங்க நேரா படத்து மேலயே போட்டுட்டீங்க.” தொட்டுக் காண்பித்தார். ஒவ்வொரு படத்துக்கு மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாள், காலியாக, காத்திருந்தது. என் கண்கள் அதற்குக் கீழே, ரோமத்தோடு ரோமமாக ஒட்டியிருந்தன. அழித்தால் அவள் வரைந்ததும் சேர்ந்து போய்விடும்.

“அந்தக் குடை படம் வந்த அன்னிக்கு ஸ்கூல்ல இருந்தேன்” என்றார். “மத்தியானம் கிளாசுக்குப் போகல. தலைவலின்னு சொல்லிட்டு லேப்ல உக்காந்திருந்தேன். யாருகிட்ட போயி என்னன்னு சொல்றது? முகம் பாக்காத ஒரு மாமி செத்துட்டாங்க, உருண்டை கண்ணப் பாத்துக் கண்டுபுடிச்சேன்னா? கன்ஃபார்மும் இல்ல. தினம் ரசம், அப்பளம்னு வேற வந்துட்டிருக்கு.”

எந்தெந்தக் கவுன்டரிலோ, நகலோடு, வரிசையில் நின்று சொன்னவன் நான். சொல்லியே ஆகவேண்டியிருந்த ஒருவரிடம் சொல்லவில்லை. அவர் அங்கே சோதனைச் சாலையில் தவளை ஜாடிகளுக்கு நடுவே, அழலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் இதயக் குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிச்சுக்கோங்க என்றேன். மிகச் சின்னதாகத்தான் கேட்டது.

“விடுங்க சார்” என்றவர், “இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

ஊஞ்சல் படத்தைக் காட்டினேன்.

அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கண்ணாடியக் கழட்டுங்க” என்றார். கழற்றினேன். மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னார். பேனாவை வாங்கி, அந்தக் காலித் தாளைத் தொட்டுத் திறந்து, குனிந்து வரைந்தார். நான் ஜன்னல் வழியே சர்ச்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பித் தந்தபோது உருண்டைக்குக் கண் இருந்தது. அழுகிற கண்ணோ, முறைக்கிற கண்ணோ இல்லை. செய்தித்தாளையும் பார்க்கவில்லை. இரண்டு கருமணியும் ஓரமாகத் திரும்பி, படத்தின் சட்டத்தை ஒட்டியிருந்த அந்தச் சுருள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது பேனா வழுக்கிய கோடு இல்லை. அது ஒரு வாலின் நுனி. இன்னொரு உருண்டை அப்போதுதான் அறையை விட்டுப் போயிருந்தது.

அவள் எத்தனையோ முறை காப்பியை வைத்துவிட்டுப் போயிருப்பாள். நான் ஒருமுறையும் அப்படித் திரும்பிப் பார்த்தது கிடையாது. டீச்சருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அல்லது தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

படத்தைக் குழுவில் போட்டோம். கீழே என் சொந்தக் குரலில் நான்கு வரி எழுதினேன். அக்கா மாசி மாதம் இறந்துவிட்டார். இத்தனை நாள் எழுதியவன் அவர் கணவன். இந்தப் படத்தின் உடம்பு அவர் வரைந்தது, கண் காட்டூர் டீச்சர் வைத்தது. ஏமாற்றியதற்கு மன்னிக்கவும். அத்தனை வருடம் எழுதியும், அந்த நான்கு வரிக்குப் பட்ட பாடு வேறு எதற்கும் பட்டதில்லை. பூ போடவில்லை.

“போயிட்டு வரேன்” என்று எழுந்தபோது, உள் அறையிலிருந்து அந்தக் குரல், “அந்த அம்மாவ ஒருக்கா கூட்டிட்டு வரச் சொல்லும்மா” என்றது. டீச்சர், “சரிம்மா” என்றார்.

பஸ்ஸில் டேப்லெட்டைத் திறக்கத் தைரியம் வரவில்லை. காவேரிப் பாலத்தில் நெரிசல்; கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, கால் கழுவி, ஊஞ்சலில் உட்கார்ந்து திறந்தேன். அதற்குள் பிராணிகள் வந்திருந்தன. கொம்பு வைத்தது, பச்சை, வாத்து, நான் பார்த்தேயிராத பல. இந்த முறை யார் கையிலும் எதுவும் இல்லை. எல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாகச் சும்மா உட்கார்ந்திருந்தன.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. எழுத்தாளன் அல்லவா, அது எனக்கு லேசாக உறுத்தியது. அவள் மாதிரியே எழுதியிருந்தேனே, எப்போது சந்தேகம் வந்தது என்று மதுரைப் பெண்ணிடம் கேட்டேன்.

“மொத நாளே தெரியும் அங்கிள்” என்று பதில் வந்தது. “சாப்பிட்டாச்சான்னு கேட்டா அக்கா ‘ஆச்சு, நீ சாப்டியா’ன்னு திருப்பிக் கேப்பாங்க. நீங்க ஒரு நாள்கூட கேக்கல. தொட்டுக்க என்னன்னு மட்டும் சொல்லுவீங்க.”